மைலேஜ் குறைகிற சாலை

பெட்ரோலிலும் கரண்டிலும் ஓடும் அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து, மைலேஜ் பார்க்காமல் குற்றாலீஸ்வரன் கீழே இறங்கியதில்லை. தென்காசி வீட்டு வாசலில் இன்றும் பார்த்தார். கொதித்துப்போனார்.

“ஏலே முஃபீத்! கரண்டைக் குற்றாலத்து நெரிசலுக்கு வைக்கச் சொன்னேன்லா? தினமும் புளியறை ரோட்டுலயே காலி பண்ணுதியே! நாளைக்கு வேற டிரைவர் வருவான். சாவியைக் கொடு.”

முஃபீத் சாவியை நீட்டினான்.

“புது டிரைவர்ட்ட ஒண்ணு மட்டும் சொல்லிருங்க, அண்ணாச்சி. மதினி தவறினதுலேர்ந்து நீங்க வீட்டுல உறங்குததே இல்ல. அந்த ரோட்டுலதான் கொஞ்சம் கண்ணசருதீய. பெட்ரோல்ல போனா இன்ஜின் சத்தத்துக்கு முழிச்சிருவீய. அங்கன கரண்டுலயே ஓட்டச் சொல்லுங்க.”

சாவிக்காக நீண்ட கை, அவன் கையைப் பற்றிக்கொண்டது. முகத்தை நிமிர்த்தத்தான் அவரால் முடியவில்லை.