பாதி மீசை

மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க வகுப்பு வாசலில் வந்து நின்ற சந்திரமோகனைப் புஷ்பலதா டீச்சருக்கு அடையாளமே தெரியவில்லை. நுனிக்கொரு காக்கை உட்காரலாம் என்று திருத்தணியே மெச்சிய மீசைக்காரராயிற்றே!

“வேண்டுதலா சார்?”

“வேண்டுதலா? எல்லாம் நீங்க நடத்துன பாடம்! பேப்பரை மடிச்சிப் பட்டாம்பூச்சி வெட்டவெச்சு, ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு சொன்னீங்களாமே? என் மீசை ஒரு பக்கம் நீளமா இருக்குதுன்னு, தூங்கிகினு இருந்தப்ப அந்தப் பக்கத்தையே வழிச்சி வெட்டிட்டா என் பொண்ணு!”

டீச்சர் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டார்.

“பாதி மீசையோட தறிக்கொட்டாய்க்குப் போனா என் மானம் என்னங்க ஆவுறது? மீதியையும் எடுத்தா, மீசை எங்கன்னு கேப்பானுங்க. அதான் மலைக்கு ஓடி மொட்டையும் போட்டுகினேன். இந்த ஊர்ல மொட்டையைப் பார்த்து எவனும் ஏன்னு கேக்க மாட்டான்.”

டீச்சர் கவிப்பிரியாவைக் கூப்பிட்டார். “ஏண்டி, ஒரு பக்கத்தை மட்டும் வெட்டுன?”

“இன்னொரு பக்கத்தையும் வெட்டத்தான் போனேன் மிஸ். அம்மா கத்திரிக்கோலைப் பிடுங்கிகினாங்க.”

“பார்த்தீங்களா! அவளாவது தடுத்தாளே!” என்று உருகினார் சந்திரமோகன்.

“இல்ல நைனா. ‘ஒரு பக்கம் போதும்டி. நீ பொறந்தப்ப உங்க நைனாவுக்கு மொட்டை போடுறதா முருகனுக்கு வேண்டிக்கினேன். மீசைக்கு எடுப்பா இருக்காதுன்னு இன்னிவரைக்கும் டிமிக்கி குடுக்குறாரு. காலைல அவரே மலைக்கு ஓடுவாரு பாரு’ன்னு சொன்னாங்க!”