பால் பொங்கிய வீடு

நரியிடம் மனை வாங்கி வீடு கட்டிய முயல், கிரகப்பிரவேசத்தன்று அடுப்பில் பால் வைத்தது. அடுப்பு சரியாகப் பற்றுவதற்குள் பால் கிழக்குப் பக்கமாக வழிந்தது.

"பொங்கிடுச்சு! நல்ல சகுனம்!" என்று வந்திருந்த கூட்டம் கைதட்டியது. முயல் தொட்டுப் பார்த்தது. பால் சில்லென்றிருந்தது. தரைதான் சாய்ந்திருந்தது.

தரை வெடிப்பிலிருந்து பெருச்சாளி தலையை நீட்டியது. "சுண்ணாம்புக்கல் தோண்டுறேன். அடியில இருக்கிறதை எல்லாம் நரியண்ணன் எனக்குப் போன வருஷமே குத்தகைக்கு விட்டுட்டாரு."

முதல் பந்தியில் வடை தின்றுகொண்டிருந்த நரியிடம் முயல் பதறி ஓடியது. "அண்ணே, என் வீடு உள்ளே இறங்குதே!"

"மேலே நிக்கிறவரைக்கும் அது உன் வீடு," என்றது நரி, அடுத்த வடையை எடுத்தபடி. "உள்ளே இறங்கிட்டா பெருச்சாளியோடது. அடுத்தவன் சொத்துல நான் தலையிடமாட்டேன்."