கரித்தூள்

பாஸ் ஒன்று இருந்தால், சுற்றுலா போகவிருக்கும் அந்தக் குளிர் நாட்டில் எட்டு நாளும் எந்த ரயிலிலும் ஏறலாம், எங்கும் இறங்கலாம் என்று மகள் ஜெசிந்தா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். ரயில் பைத்தியமான சவரிமுத்து ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "ஜன்னல் திறக்குமா?" எதிலும் திறக்காது. கூரைவரை கண்ணாடி, உள்ளே ஏசி. கடைசியில் ஒரு சின்ன மலை ரயில் தென்பட்டது. நீராவி இன்ஜின், திறந்த ஜன்னல். "இது பாஸ்ல வராதுப்பா. கரி வேற பறந்து கண்ணுல விழும்." "விழட்டும். அதையும் போடும்மா."

அந்தக் காலத்தில், கல்யாணமான மறுநாள், திருச்சியிலிருந்து கிளம்பிய கரி வண்டியில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்த சவரிமுத்துவின் கண்ணில் கரித்தூள் விழுந்தது. அதுவரை அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத அற்புதம், முந்தானை நுனியைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதி, அந்தச் சூட்டோடு அவர் கண்ணில் ஒற்றினாள். கண் சரியான பிறகும், இன்னும் உறுத்துகிறது என்று விழுப்புரம்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

குளிருக்கென்று மகள் வாங்கித் தந்த சுடிதார்களை அற்புதம் இப்போதே பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். மூவரும் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து போய், அதில் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு பழைய நூல் சேலையை வைத்தாள்.

"அங்க குளிரும்மா. சேலை எதுக்கு?"

"அந்த ஒரு ரயிலுக்கு" என்றாள் அற்புதம்.