முன்னாடி போறவன்

"நாளைக்கு ஒர்ஷோவா போனதும் நான் ரயிலேறிடுவேன். அப்புறம் நீயும் உன் சைக்கிளும் குடும்பம் நடத்துங்க."

லீடா இதை நேத்தே சொல்லியிருப்பா. சொல்றதுக்கு ஆள் நின்னாத்தானே. இன்னிக்குத்தான் மலை உச்சியில வெச்சு ரதிமோட ஹேண்டில்பாரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா.

செக் நாட்டு ஊர்லேருந்து கிளம்பி ஹங்கேரி முழுக்க ரெண்டு பேரும் ஒட்டி ஒட்டித்தான் மிதிச்சாங்க. ருமேனியா எல்லையைத் தாண்டுனதும் புருஷனுக்கு ரெக்கை முளைச்சிடுச்சு. இவ நாக்கு தள்ள ஏத்தம் ஏறி வந்தா, அவன் உச்சியில காலை நீட்டி உக்காந்திருப்பான். "வந்துட்டியா"ன்னு ஒரு இளிப்பு. அவ தண்ணி பாட்டிலைத் திறக்குறதுக்குள்ள அடுத்த வளைவுல மறைஞ்சிடுவான்.

அதாவது ஓய்வெல்லாம் அவனுக்கு, ஓட்டமெல்லாம் இவளுக்கு.

அதைக்கூட விட்டுடலாம். இந்த சாசேஜ் சமாச்சாரத்தை எங்க போயிச் சொல்றது? காலையில ஊர்க் கடையில முழ நீளத்துக்கு வாங்குறான். மத்தியானம் பையைத் திறந்தா எண்ணெய்க் காகிதம்தான் இருக்கும்.

"எங்கடா சாசேஜ்?"

"பசிச்சுது."

"மொத்தமும் தின்னுட்டியா?"

"மலைக்காத்து, லீடா."

அந்த மலைக்காத்து அவளுக்கும்தான் அடிக்குது. அவ தக்காளியைக் கடிச்சுக்கிட்டு வெறும் ரொட்டியை முழுங்குனா.

ராத்திரியாவது மனுஷனா இருக்கானா? ஜூலை மாசப் புழுக்கத்துல, கூடாரத்துக்குள்ள முழுக்கால் பேன்ட்டோட படுக்குறான். அவ கால் லேசாப் பட்டாக்கூட, பல்லி விழுந்தவன் மாதிரி சுருட்டிக்கிறான்.

அம்மாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் கொட்டிட்டா. அம்மாவோட கவலை வேற. 'அந்த மலையில ஆட்டுக்கிடை நாய்ங்க கன்னுக்குட்டி சைஸுல இருக்கும்டி'ன்னு கிளம்புற அன்னிக்கே அழுதவங்க அவங்க. காரணம் இருக்கு. சின்ன வயசுல ஒரு நாய் லீடா தோளைக் கவ்வுனதுலேருந்து, எதிர்ல கைக்குள்ள அடங்குற நாய்க்குட்டி வந்தாக்கூட அவ ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவா. 'ஒரு நாயை நான் பார்த்தாலும் அன்னிக்கே வீடு'ன்னு ரதிம்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் சைக்கிள்லயே ஏறினா.

"நாயெல்லாம் புளுகும்மா," போன்ல சொன்னா. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு நாய் கண்ணுல படல. வழி நெடுக ஆட்டுக்கிடைதான். கிடைக்காரங்க தொப்பியைத் தூக்கி வணக்கம் வேற வெக்கிறாங்க. இந்த மலையில நான் பார்த்த ஒரே மிருகம் உன் மருமகன்தான்."

இன்னிக்கு ஏத்தத்துல அவ சைக்கிள் செயின் கழண்டு சக்கரத்துக்குள்ள மாட்டிக்கிச்சு. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தா. அவன் காதுல விழல. கடைசியில வைக்கோல் வண்டிக்காரர் ஒருத்தர்தான் இறங்கி வந்து மாட்டிவிட்டாரு. முழங்கை வரைக்கும் கிரீஸ் கரியோட ஏறி வந்தா, இந்த மகராசன் வேகாத வெயில்ல மழைக்கோட்டை இடுப்புல சுத்திக்கிட்டு, கிளம்புறதுக்கு ரெடியா நிக்கிறான்.

"லீடா, ஹேண்டில்பாரை விடு. நான் கொஞ்சம் முன்னாடி போயி..."

"முன்னாடி போயி? போப்பாண்டவர் வர்றாரா, நீ போயி வழி பண்ணப்போறியா?"

அவன் கீழ அடுத்த வளைவையே பார்த்தான். அங்கயும் ஒரு கிடை தெரிஞ்சுது.

"பொண்டாட்டி பட்டினியா வருவாளேன்னு ஒரு துண்டு மிச்சம் வெக்கத் தோணல. அவ விழுந்தாளா எழுந்தாளான்னு திரும்பிப் பார்க்கத் தோணல. உன்கூட ஊர் சுத்துறதுக்கு நான் தனியாவே சுத்தியிருப்பேன், சாசேஜாவது மிஞ்சியிருக்கும்." ஹேண்டில்பாரை இன்னும் இறுக்கிப் பிடிச்சா. "ஒரே ஒரு காரணம் சொல்லு, ரதிம். நியாயமான காரணமா ஒண்ணே ஒண்ணு. நான் ரயிலேறல."

ரதிம் இடுப்புல மழைக்கோட்டு முடிச்சை இறுக்கிக்கிட்டான்.

"சொன்னாலும் ரயிலேறிடுவ. சொல்லாட்டியும் ரயிலேறிடுவ."

"அப்ப இருக்கு ஒரு காரணம்."

"ஒண்ணுமில்ல. எனக்கு வேகமா ஓட்டப் பிடிக்கும். அவ்வளவுதான்."

லீடா ஹேண்டில்பாரை விட்டுட்டா. கோபம்கூட வரல. கல்யாண மோதிரத்தைக் கழட்டப் பார்த்தா, கரியில வழுக்குச்சு.

அப்பத்தான் அவ ஏறி வந்த பாதையிலயே ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கிட்டு வந்தாரு. கையில தடி, தலையில கம்பளித் தொப்பி. கீழ கிடையில அவளுக்கு வணக்கம் வெச்ச அதே ஆள். வந்ததும் பேசினது செக் மொழி. இந்த மலையில சில ஊர்கள் செக் நாட்டுக்காரங்க ஊர்தான், முப்பாட்டன் காலத்துல குடியேறினவங்க.

தாய்மொழி காதுல விழுந்ததும் லீடா அவரைப் பிடிச்சுக்கிட்டா. "பெரியவரே, நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களே நியாயம் சொல்லுங்க. கட்டினவளை நடு மலையில விட்டுட்டு, தின்னுக்கிட்டே முன்னாடி ஓடுறவன் ஒரு ஆம்பளையா?"

பெரியவர் அவளை மேலயும் கீழயும் பார்த்தாரு. நேரா ரதிம்கிட்ட போயி, பல் பட்டுக் கந்தலாகி எச்சில் ஊறியிருந்த ஒரு துணித் துண்டை நீட்டுனாரு.

"உன் பேன்ட் துணி, தம்பி. சாசேஜைத் தின்னுட்டு இதை மட்டும் விடவே மாட்டேன்னுடுச்சு பெரியது. சரி, இந்த அம்மாதான் தாண்டி வந்துட்டாங்களே, நீ கட்டி வெக்கச் சொன்ன நாய்ங்களை அவுத்து விடட்டுமா?"