கஞ்சன் வீட்டு வாசல்

அல்போன்சம்மாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ!" என்றாள். அடுத்த நொடி உள்ளே ஓடிவிட்டாள். கதவும் படாரென்று சாத்திக்கொண்டது.

ஓவியர் மரியசூசைக்கு மானமே போய்விட்டது. சிராங்கூன் ரோட்டில் அவரைப் போல முற்போக்கான மனிதர் கிடையாது. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

"மன்னிச்சுக்குங்க மிஸ்டர் ஒபியோரா. என் சம்சாரம் கறுப்பு ஆளைப் பார்த்தா பயப்படுவா. உலகம் தெரியாத ஜென்மம்" என்றார் இங்கிலீஷில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. சொன்னவர் ஒன்றும் எலுமிச்சம்பழ நிறமில்லை.

நைஜீரியாக் கப்பல்காரர் ஒபியோரா சிரித்துக்கொண்டார். போன ஞாயிறு சர்ச் பூசையில் பழக்கமானவர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் நிற்கும் அவர் கப்பல் நாளைக்குக் கிளம்புகிறது.

மரியசூசைக்கு அதுதான் அவசரம். சிறுவர் பத்திரிகையில் வரும், ஒபியோராவின் இனமான இக்போ மக்களின் கதை ஒன்றுக்கு இவர்தான் படம் போடுகிறார். முதல் படத்தில் எல்லாருக்கும் இலையாடை கட்டி, மூக்கில் எலும்பைச் சொருகிவிட்டார். "இதென்ன கண்றாவி? இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பார்த்துக்குவோம்" என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆகவே ஆராய்ச்சி! வீட்டு முன்னால் ஊர் சனம் நடக்கிற அஞ்சடி நடைபாதையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, "இங்கதான் நல்ல வெளிச்சம்" என்று ஒபியோராவை உட்கார்த்தினார். இரண்டு மணி நேரம் துளைத்தெடுத்தார்.

"வீட்டுக்கு ஆள் வந்தா உங்க ஊர்ல என்ன செய்வீங்க?"

"முதல்ல கோலாக் கொட்டை. உங்க வெத்தலை பாக்கு மாதிரி. வீட்டுக்காரர் நீட்டணும். வேண்டிக்கிட்டு உடைச்சு, எல்லாரும் தின்ன பிறகுதான் பேச்சே. வீட்ல இல்லேன்னா மன்னிப்புக் கேப்போம்."

"அடடா, என்ன பண்பாடு!" மரியசூசை எழுதிக்கொண்டார். தொண்டை வறண்டது. பக்கத்திலிருந்த கூஜாவைத் திறந்து நாலு மடக்கு தண்ணீர் குடித்துக்கொண்டார்.

"சரி, இந்தக் கதையில வர்ற கஞ்சன் கொட்டையைக் கன்னத்துல ஒளிச்சு வச்சிருக்கானே, அவன் விருந்தாளியை எங்க உக்கார வைப்பான்?"

ஒபியோரா கொஞ்சம் தயங்கினார். "வெளியிலதான்."

"சரியாச் சொல்லுங்க. தப்பாப் போட்டா என் பொழைப்பு போயிடும்."

ஒபியோரா ஸ்டூலில் நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "இதோ, இப்படி."

"பிரமாதம்! அசையாதீங்க!" பென்சில் பறந்தது. ஸ்டூலில் விருந்தாளி, எதிரே கன்னம் உப்பிய கஞ்சன்.

கதவு திறந்தது. வியர்த்து விறுவிறுத்து நின்றாள் அல்போன்சம்மாள்.

"மன்னிச்சுக்குங்கண்ணே! வீட்ல ஒரு பிஸ்கட்கூட இல்ல. பின்வாசல் வழியா மார்க்கெட்டுக்கு ஓடிக் கோழி வாங்கியாந்து சமைக்க நேரமாயிடுச்சு. உள்ள வாங்க லா, இடியாப்பம் சூடா இருக்கு!"

ஒபியோராவுக்குத் தமிழ் தெரியாது. குழம்பு வாசனை போதுமாயிருந்தது. எழுந்து உள்ளே போனார்.

அல்போன்சம்மாள் படத்தில் கன்னம் உப்பியவனைக் காட்டினாள். "யாருங்க இது?"

"கஞ்சன். விருந்தாளியை வாசல்லயே வச்சுப் பேசியே அனுப்பிடுவான், படுபாவி!"

"அப்படியா? மூக்குக்கண்ணாடி போட மறந்துட்டீங்களே!"