ஜன்னலோர மேசை

“இந்தக் கடை வேணாம், மாரிட். உள்ளே ஒரே கூட்டம்” என்றான் டிர்க்.

வறுத்த வாத்துகள் தொங்கிய கண்ணாடி வழியே மாரிட் எட்டிப் பார்த்தாள். நான்கு மேசைகள் காலியாகக் கிடந்தன.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. இன்னமும் செத்துப்போன முதல் மனைவிக்காக ஒரு சாப்பாட்டுக் கடையைக்கூடப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறானே!

அவனுடைய பழைய பெட்டியில் ஒரு புகைப்படத்தை அவள்தான் கண்டெடுத்தாள். ஆம்ஸ்டர்டாம் சைனா டவுனில், இதே கடையின் ஜன்னலோர மேசையில், அந்த முதல் மனைவி சஸ்கியா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து மாரிட்டுக்குத் தூக்கமில்லை. உயிரோடு இருப்பவளென்றால் சண்டை போடுவாள், கிழவியாவாள், ஒரு நாள் அலுத்துப்போவாள். செத்தவளை என்ன செய்வது?

கல்லறையில் பூ வைத்துவிட்டு வரலாம் என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். “கல்லறையெல்லாம் இல்ல. சாம்பலைக் கடல்ல கரைச்சாச்சு” என்று பேச்சை முடித்துவிட்டான்.

மூன்று மாதம் நச்சரித்து, நார்வேயிலிருந்து அவனை இங்கே இழுத்து வந்ததே அந்த மேசையில் ஒரு வேளை சாப்பிடத்தான்.

“நான் இங்கதான் சாப்பிடுவேன். அவளை நினைச்சு அழுகை வந்தா நீ வெளியிலயே நின்னு அழு!”

“தலை வலிக்குது. நீ சாப்பிட்டு வா.” தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு புத்தர் கோயில் பக்கம் வேகமாக நடந்தான் டிர்க்.

மாரிட் உள்ளே போய், படத்தில் சஸ்கியா இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். சூப் வந்தது, வாத்து வந்தது. எதையும் அவள் தொடவில்லை.

கடைக்காரி ஃபோங் தேநீர் ஊற்ற வந்தாள். மாரிட்டால் அடக்க முடியவில்லை. கைப்பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். “இவளைத் தெரியுமா?”

“சஸ்கியாவா? தெரியாம என்ன! என் மிளகாய் எண்ணெய்க்கு அவதான் முதல் ரசிகை. தங்கமான பொண்ணு!” ஃபோங்கின் முகமெல்லாம் சிரிப்பு.

இங்கேயும் அவள்தானா? மாரிட் படத்தை மேசையில் வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னாள்.

“அவளோட புருஷன் டிர்க் இப்ப என் புருஷன். தெரியுமா?”

ஃபோங்கின் கையிலிருந்த கெண்டி மேசையில் இடித்தது. தேநீர் வழிந்து படத்தை நனைத்தது.

“ஐயோ, அவன் திரும்பி வருவான்னுதானேம்மா நாலு வருஷமா சஸ்கியா வாராவாரம் இதே மேசையில வந்து காத்துக்கிட்டு இருக்கா!”