ஏழாவது கூறு

தோணிரேவு ஊரின் ஏரிக்கரையோரம், ஆறு பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் குந்தியபடி சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாமவள் ஜமுனா, படகில் சாய்ந்து உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தாள்.

மகளிர் குழுக்களைப் பார்வையிடப் பொன்னேரியிலிருந்து புதிதாக வந்திருந்த கலைவாணிக்கு அந்தக் காட்சி பொறுக்கவில்லை. பக்கத்தைத் திருப்பக்கூட ஜமுனா தன் வலது கையை முந்தானைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. இடது கையின் கட்டைவிரலே அந்த வேலையையும் பார்த்துக்கொண்டது.

கலைவாணி கரையில் நின்று கூப்பிட்டாள். காற்றில் குரல் எட்டவில்லை. செருப்பைக் கழற்றி வைத்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் இறங்கிப் படகருகே போனாள்.

"இன்னைக்குப் பிடிக்கிற இறாலை எத்தனை கூறு போடுவீங்க?"

"ஏழு மேடம்" என்றாள் ஜமுனா. தொண்டை கட்டியிருந்தது.

"அதில் உங்களுக்கும் ஒண்ணா?"

"ஆமா மேடம். நான் கதை படிக்கிறேனே."

"அதைத்தான் நானும் பார்க்கிறேனே!"

ஜமுனா தலையைக் குனித்துக்கொண்டாள்.

கலைவாணி தண்ணீரில் இன்னும் நடந்து, மற்றவர்கள் அருகே போய் நின்றாள். "தண்ணியில் இறங்கினவங்களுக்குத்தான் கூறு. இது உங்க குழு நோட்டில் இருக்கிற விதி. நாளையிலிருந்து ஜமுனாவுக்குக் கூறு கிடையாது. யாருக்காவது மறுப்பு இருந்தால் இப்போதே வாயைத் திறந்து சொல்லுங்க."

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "ம்ம்... ம்ம்ம்!" என்று ஆறு தலைகள் பலமாக ஆடின.

இரண்டு கைகளும் சேற்றில் இருக்கும்போது, இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வதுதான் அங்கே வழக்கம். வாய் திறந்தால் பிடித்ததெல்லாம் மறுபடி ஏரிக்கே போய்விடும். இதைக் கலைவாணி யோசிக்கவில்லை. தலையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். நோட்டில் எழுதினாள். ஜமுனாவிடமிருந்து நாவலை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது ஒருத்தியும் தண்ணீரில் இல்லை. ஆறு பேரும் பறியைக் கையில் பிடித்தபடி கரையில் நின்றார்கள். ஆறு வாயும் காலியாக இருந்தன. அதுதான் ஆபத்து.

"இன்னா மேடம் நாயம் இது?" பச்சையம்மா முதலில் ஆரம்பித்தாள். "பறியைக் கவ்வினு இருக்கறவளப் பாத்து வாயைத் தொறன்றியே! உன் வாயில ஒரு பறியைக் குடுத்துட்டு நான் கேள்வி கேக்கட்டா?"

"நீங்க எல்லாரும் தலையாட்டினீங்களே..."

"வேணாம்னு ஆட்டினோம்!"

குழுவில் மூத்தவளான கஸ்தூரி முன்னால் வந்தாள். "ஜமுனா, மேடத்துக்குக் கையக் காட்டுடி."

முந்தானைக்குள்ளிருந்து வலது கை தயங்கித் தயங்கி வெளியே வந்தது. மணிக்கட்டுவரை கட்டு.

"கெளுத்தி முள்ளு குத்திடுச்சு மேடம்" என்றாள் ஜமுனா. "ஒரு மாசம் தண்ணியே படக்கூடாதுனு டாக்டரு சொல்லிட்டாரு. ரெண்டு பசங்கள வச்சினு இருக்கேன். ஆனா நான் சும்மா வாங்கல மேடம். இந்த மாசம் பன்னெண்டு நாவல் படிச்சுட்டேன். கத்திக் கத்தித் தொண்டையே போயிடுச்சு."

"எங்களுக்குத்தான் படிக்கிறா" என்றாள் கஸ்தூரி. "பொன்னேரி பழைய பேப்பர் கடையில நான்தான் பொறுக்கினு வரேன். பாதி காதல் கதை, பாதி கொலைக் கதை."

"காதல் கதைனா கை மெதுவாப் போவும்" என்றாள் பச்சையம்மா. "கொலைக் கதைனா இறாலு தானா வந்து பறியில குதிக்கும்! நேத்து நீ புஸ்தகத்தத் தூக்கினு போயிட்ட. அந்த டாக்டரு பொண்ணு இன்னா ஆனானு தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

கலைவாணியின் முகம் சிவந்தது. நோட்டை எடுத்தாள். முந்தைய நாள் எழுதியதை அடித்துவிட்டு, 'வாசிப்பவருக்கும் சமமான கூறு உண்டு' என்று எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டினாள்.

பிறகு நாவலை நீட்டினாள். "நான் இன்னொரு தப்பும் செஞ்சேன். நேத்து வீட்டுக்குப் போற ரயிலில் சும்மா பிரிச்சுப் பார்த்தேன். மீஞ்சூரில் இறங்க வேண்டியவ நந்தியம்பாக்கம் வரைக்கும் போயிட்டேன். கடைசியில் அந்தக் கொலையைச் செஞ்சது..."

"சொல்லாதே மேடம்!"

ஆறு பேரும் ஒரே குரலில் அலறினார்கள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். ஜமுனா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் அப்படிச் சிரித்தது அதுவே முதல் தடவை. நாவலை வாங்கிக்கொண்டு, ராணியைப் போலப் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

மற்றவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். கலைவாணிக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அவள் படித்த நாவலில் டாக்டர் பெண் என்று யாருமே இல்லை. பன்னிரண்டு கதைகளாயிற்றே, பச்சையம்மாவுக்குக் குழம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக இறங்கப்போன கஸ்தூரியை மெல்ல நிறுத்தினாள். "கஸ்தூரிம்மா, நீங்க சொல்லுங்க. கொலை செஞ்சது யாருன்னு நினைக்கிறீங்க?"

கஸ்தூரி படகைத் திரும்பிப் பார்த்தாள். ஜமுனா படிக்கத் தொடங்கியிருந்தாள். உதடுகள் அசைவது தெரிந்தது.

"யாருக்குத் தெரியும் மேடம்? இந்தக் காத்துல ஒரு வரி காதுல விழாது. அவ நிமிந்து பாத்தா நாங்க தலையாட்டுவோம். மொத வாரம் சும்மா குடுத்த கூறத் திருப்பிக் கொண்டாந்து என் வாசல்லயே வச்சிட்டுப் போனவ அவ."

சொல்லிவிட்டு, மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்டுவிடாதபடி, பறியைப் பல்லால் கவ்விக்கொண்டாள்.